மீதிக் கட்டங்கள்

எலி என்றதும் வாலைத் தேடாதீர்கள். இந்த எலி நான்காம் வகுப்புப் படிக்கிற பெண். இரட்டைச் சடை போட்டிருப்பாள். அதில் ஒன்று எப்போதும் அவிழ்ந்து தொங்கும்.

அவளுக்கு அந்தப் பெயரை வைத்தவன் எதிர்வீட்டுப் பையன். "வளைக்குள்ள இருக்கிறது எலிதானே?" என்று ஒருநாள் வகுப்பில் கேட்டுவிட்டான். அன்றோடு அவனிடம் அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். ஆனால் பெயர் நிற்கவில்லை. தெரு முழுக்கப் பரவி, கடைசியில் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அம்மாவே இப்போது "எலிக்குட்டி, சாப்பிட வா" என்றுதான் கூப்பிடுகிறாள்.

அவன் சொன்னதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. அந்த வீட்டுக்குத் தெருவிலிருந்து படி இறங்கிப் போக வேண்டும். உள்ளே உயரமான கூரை போட்ட ஒரே ஒரு பெரிய அறை. தெருப்பக்கச் சுவரில், எட்டாத உயரத்தில் ஒரு ஜன்னல். ஜன்னல் என்ன ஜன்னல், ஒரு சாண் அகலத்துக்கு வெளிச்சக் கீற்று, அவ்வளவுதான். அதன் அடிப்பாகமெல்லாம் தெருவுக்குக் கீழே போய்விட்டது. அந்தக் கீற்றுக்கு நேராக ஒரு மர மேடை. மேடைமேல் அம்மாவின் தையல் மெஷின்.

வீடு ஏன் இப்படிப் புதைந்தது என்று கேட்கிறீர்களா? வீடு புதையவில்லை. தெருதான் வளர்ந்துவிட்டது.

இந்த ஊர் ரொம்பக் காலமாகத் தலைநகரம். எவ்வளவு காலமாக என்று கேட்டால் பெரியவர்களே தலையைச் சொறிவார்கள். ராஜாக்கள் வந்தார்கள், போனார்கள். ஒரு வழக்கம் மட்டும் போகவே இல்லை. யார் புதிதாக ஆட்சிக்கு வந்தாலும், முதல் நாள் கோட்டை வாசலிலிருந்து அரண்மனை வரை இந்தத் தெரு வழியாக நடந்து போக வேண்டும். அதுவும் புதுத் தெருவில்தான் நடக்க வேண்டும். பழைய ஆட்சியின் தூசி புது ஆட்சியின் காலில் ஒட்டக் கூடாதாம்.

சரி, பழைய தெருவைப் பெயர்த்துவிட்டா புதுசு போட்டார்கள்? அதற்கெல்லாம் யாருக்குப் பொறுமை இருக்கிறது? பழசின் மேலேயே புதுசைப் போட்டார்கள். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் இல்லாத மாதிரிதானே.

முதலில் கல் ராஜா வந்தார். பெரிய பெரிய கல் பலகைகளாகப் பதித்தார். மலைக்கு அந்தப் பக்கமிருந்து வந்து ஊரைப் பிடித்த ராணி, அதன்மேல் செங்கல் பரப்பினாள். குதிரைப் படையோடு வந்த மீசைத் தளபதிக்குச் செங்கல் வழுக்கியது. சரளைக் கல்லைக் கொட்டினார். பிறகு கப்பலில் வந்த துரைகள் தார் ஊற்றினார்கள். துரைகள் கப்பலேறிப் போன பிறகு, ஊர்க்காரர்களே ஓட்டுப் போட்டுத் தலைவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களாவது சும்மா இருந்தார்களா? சிமென்ட் போட்டார்கள்.

ஒவ்வொரு முறையும் தெரு ஒரு முழம் உயர்ந்தது. எலியின் வீட்டு ஜன்னல் ஒரு முழம் குறைந்தது.

அதனால் எலிக்கு ஊரில் எல்லோரையும் தெரியும், கால்களாக. ரொட்டிக்கடைக்காரர் மாவு படிந்த செருப்பு. தபால்காரர் சத்தமில்லாத ரப்பர் அடி. எதிர்வீட்டுப் பையனின் ஷூ ரொம்ப வேடிக்கையானது. நடக்கும்போது அடிப்பக்கம் தெரியும் அல்லவா? வலது அடி மட்டும் தேய்ந்து காகிதமாகிவிட்டது. இடது அடி புத்தம் புதுசு.

"அவன் ஒரு கால்லயாம்மா நடக்கிறான்?" என்று எலி ஒருநாள் கேட்டாள்.

"உன் செருப்பை முதல்ல பாரு. அதுவும் அப்படித்தான் இருக்கு" என்றாள் அம்மா, வாயில் ஊசியை வைத்துக்கொண்டே.

அதற்குக் காரணம் இருக்கிறது. அறையின் ஒரு ஓரத்தில் பழைய வாசல் கதவு இன்னும் அப்படியே நிற்கிறது. இரட்டைக் கதவு, குறுக்கே ஒரு மரச் சட்டம். கல் ராஜா காலத்தில் அதுதான் வீட்டின் வாசல். இப்போது அதற்கு அந்தப் பக்கம் வெறும் மண்ணும் கல்லும். தட்டினால் 'பொத்' என்று சத்தம் வரும். அந்தக் கதவுக்கு முன்னால், தரைக் கல்லில், யாரோ செதுக்கிய பாண்டிக் கட்டங்கள் இருந்தன. சில்லை எறிந்துவிட்டு ஒற்றைக் காலில் தாண்டுவோமே, அதே கட்டங்கள். மூன்று முழுக் கட்டம். நான்காவது பாதிதான் இருந்தது. மீதிப் பாதி கதவுக்கு அடியில் நுழைந்து வெளியே போய்விட்டது.

கல் ராஜா காலத்துப் பிள்ளைகள் வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள்ளிருந்தே ஆட்டத்தைத் தொடங்கினார்கள்போல.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எலி ஆடுவாள். ஒன்று, இரண்டு, மூன்று, பாதி. அவ்வளவுதான், மூக்கு கதவில் இடிக்கும். அப்படியே ஒற்றைக் காலில் நின்று கதவில் காதை வைப்பாள். தூரத்தில் ஏதோ கேட்கிற மாதிரி இருக்கும். குதிரைகள் மெதுவாகப் போகும். ராணியின் பல்லக்குத் தூக்குகிறவர்கள் மூச்சு வாங்குவார்கள். துரையின் பூட்ஸ் டக் டக் என்று போகும். எல்லாவற்றுக்கும் அடியில் சின்னச் சின்னப் பாதங்கள் குதித்துக் குதித்து எங்கோ போய்க்கொண்டே இருக்கும். எங்கே போகின்றன? மீதிக் கட்டங்கள் எங்கே முடிகின்றன? கண்ணை மூடினால் எலியும் கதவைத் தாண்டி, மண்ணைத் தாண்டி, தண்ணீருக்குள் நடக்கிற மாதிரி மிதந்து மிதந்து அவர்கள் பின்னாலேயே போவாள்.

"ஒரு கால்ல நின்னுக்கிட்டே தூங்குறா பாரு, கொக்கு மாதிரி" என்பான் தம்பி. எலி என்பது போதாதென்று கொக்கு வேறு.

இப்படி இருக்கும்போதுதான் ஒலிபெருக்கி கட்டின வண்டி ஒன்று தெருவில் வந்தது.

"புதுத் தலைவர் அடுத்த வாரம் பதவி ஏற்கிறார். அதை முன்னிட்டு இந்தத் தெருவில் புதுச் சாலை போடப்படும்" என்று சொல்லிக்கொண்டே போனது.

அம்மாவின் கால் மெஷின் மிதியின்மேல் நின்றுவிட்டது. ஜன்னலில் மிச்சமிருப்பது ஒரு சாண். புதுச் சாலை ஒரு முழம் உயரம். கணக்குப் போட வாத்தியார் தேவையில்லை.

அன்று சாயங்காலமே அம்மா பாத்திரங்களைத் துணியில் சுற்ற ஆரம்பித்தாள்.

"பெரியம்மா ஊருக்குப் போயிடலாம். அங்க ஒரு ரூம் இருக்கு. நல்ல ஜன்னலாவும் இருக்கு."

"நான் வரல" என்றாள் எலி.

"வெளிச்சம் இல்லாம நான் எப்படிடி தைக்கிறது? போன மழைக்காலத்துல விளக்கு வெளிச்சத்துல கறுப்புக் கோட்டுக்குக் கருநீல நூலைப் போட்டுத் தெச்சு வாங்கிக் கட்டிக்கிட்டது ஞாபகம் இல்லையா?"

அப்பாவிடம் சொல்லலாம் என்றால், அவர் லாரியோடு எங்கோ தொலைவில் இருந்தார். அப்பாவுக்கு ரோடு என்றால் உயிர். இந்த ஒரு ரோட்டைப் பற்றி அவரிடம் சொன்னால் என்ன சொல்வாரோ.

எலி மெல்லப் போய்ப் பாதிக் கட்டத்தில் உட்கார்ந்தாள். ஜன்னல் போனால் அம்மா வேலை போகும். வேலை போனால் வீடு போகும். வீடு போனால் இந்தக் கட்டங்கள் எங்கே முடிகின்றன என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாமலேயே போய்விடும். அழுகை வந்தது. தம்பி பார்த்துவிடுவானே என்று கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் ஜன்னலுக்கு வெளியே புதிதாக இரண்டு கால்கள் வந்து நின்றன. பழுப்பு பூட்ஸ், சாம்பல் நிறப் பேன்ட். பக்கத்தில் மூன்று கால் வைத்த ஒரு கருவி. மேடைமேல் ஏறித் தலையைச் சாய்த்துப் பார்த்தாள் எலி. மஞ்சள் தொப்பி போட்ட ஒரு பெண், கருவி வழியாகத் தெருவை ஒற்றைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தாள்.

"ரோடு போடுற இன்ஜினீயர்" என்று கிசுகிசுத்தான் தம்பி. "இவங்கதான் நம்ம ஜன்னலை மூடப்போறாங்க."

எலி அந்தப் பேன்ட்டையே பார்த்தாள். வலது காலில் ஓரத் தையல் பிரிந்து, துணி பூட்ஸுக்கு அடியில் தொங்கியது. இன்னொரு காலால் மிதித்தால் போதும், ஆள் குப்புற விழ வேண்டியதுதான்.

தம்பியும் பார்த்துவிட்டான். "சொல்லாதேக்கா. விழட்டும்."

விழுந்தால் நன்றாகத்தான் இருக்கும் என்று எலிக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் அந்தக் கால் நகரப் பார்த்தபோது, அவள் வாய் அவளைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"மேடம், நடக்காதீங்க. பேன்ட் ஓரம் பிரிஞ்சு தொங்குது. மிதிச்சா விழுந்துடுவீங்க."

பூட்ஸ் அப்படியே நின்றது. மஞ்சள் தொப்பி இடமும் வலமும் திரும்பியது. "யாரு பேசுறது?"

"இங்க, கீழ. உள்ள வாங்க. எங்கம்மா ஒரு நிமிஷத்துல தெச்சுடுவாங்க."

இன்ஜினீயர் குனிந்து பார்த்தாள். சாலை மட்டத்தில் இரண்டு கண்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

படியில் இறங்கி வந்த இன்ஜினீயரை அம்மா முக்காலியில் உட்காரவைத்தாள். காலைப் பெட்டிமேல் வைக்கச் சொல்லிவிட்டு, கீழே அமர்ந்து தைக்கத் தொடங்கினாள்.

"குத்தும்மா" என்று தம்பி அவள் காதில் சொன்னான். அம்மா முழங்கையால் அவனை ஒரு இடி இடித்தாள்.

"கொஞ்சம் இப்படித் திரும்புங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க" என்றாள் அம்மா.

இன்ஜினீயர் நகர்ந்து அமர்ந்தாள். அப்போதுதான் அவள் அந்த வெளிச்சத்தைப் பார்த்தாள். அறை முழுவதற்கும் அது ஒன்றுதான். அதில் யாருடைய கால்களோ கடந்துபோயின. அறை இருண்டு இருண்டு வெளுத்தது.

"விளக்குப் போட்டுத் தைக்க முடியாதா?"

"நிறம் தெரியாதும்மா."

இன்ஜினீயர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "என் மேல கோவமா இருப்பீங்க. மேலேருந்து உத்தரவு. நான் போடலைன்னா வேற ஆளை அனுப்புவாங்க."

"உங்களைச் சொல்லி என்ன பண்றது" என்றாள் அம்மா. பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். "ஆச்சு."

இன்ஜினீயர் எழுந்து காலை உதறிப் பார்த்தாள். பார்த்த இடத்தில்தான் அந்தக் கட்டங்கள் இருந்தன. அவள் முகம் சட்டென்று மாறிவிட்டது.

"இது பாண்டிக் கட்டம்தானே? யாரு செதுக்கினது?"

"கல் ராஜா காலத்துப் பிள்ளைங்க" என்றாள் எலி.

"நான் சின்ன வயசுல எங்க தெருவுலயே பெரிய ஆட்டக்காரி, தெரியுமா?" இன்ஜினீயர் அம்மாவைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. "ஒரே ஒரு தடவை" என்று சொல்லி இடது காலை மடக்கினாள்.

எலி சில்லை நீட்டினாள். உடைந்த ஓட்டுத் துண்டு, ஓரமெல்லாம் மழுங்கியிருந்தது. இன்ஜினீயர் எறிந்தாள். பூட்ஸ் அதிரத் தாண்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று, பாதி. மூக்கு கதவில் இடித்தது.

"மீதி எங்க?" என்று ஒற்றைக் காலில் நின்றபடியே கேட்டாள்.

"உங்க ரோட்டுக்கு அடியில" என்றாள் எலி.

இன்ஜினீயர் காலை இறக்கவில்லை. கதவைத் தட்டிப் பார்த்தாள். பொத். இன்னொரு தடவை தட்டினாள். பொத்.

"எல்லா ரோட்டையும் எடுத்துட்டா கல் ராஜா தெரு வந்துடும்ல?" என்று எலி கேட்டாள்.

"வரும். ஆனா உத்தரவு புதுத் தெருவுக்குத்தானே கண்ணு. இந்த ஊர்லயே பழசு அதுதான்."

"அதுல இப்ப இருக்கிறவங்க யாராவது நடந்திருக்காங்களா?"

"இல்ல."

"உங்க தாத்தா?"

"அவரும் இல்ல."

"யாருமே நடக்காத தெருன்னா அது புதுசுதானே?"

இன்ஜினீயர் மடக்கிய காலைக் கீழே இறக்கினாள்.

எலிக்குத் தைரியம் வந்துவிட்டது. "பழைய ரோட்டுத் தூசி படக் கூடாதுன்னுதானே புது ரோடு? மேல மேலயே போட்டா, தலைவர் எல்லார் ரோட்டு மேலயும்தானே நிக்கிறார்?"

"இவ வாய்க்கு வரி போட்டா இந்த ஊரே பணக்கார ஊராயிடும்" என்றாள் அம்மா.

இன்ஜினீயர் தொப்பியை மாட்டிக்கொண்டாள். "நான் வாக்கு எதுவும் குடுக்கலை. கேட்டுப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள். படியின் பாதியில் நின்று, அந்தக் கட்டங்களை இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. அம்மா பாத்திரங்களைச் சுற்றி முடித்து, துணிகளுக்கு வந்துவிட்டாள். மூன்றாம் நாள் காலையில் தெரு உறுமியது. வீடு கிடுகிடுத்தது. ஜன்னலுக்கு வெளியே பெரிய சக்கரங்கள் வந்தன. பிறகு யாரோ ஜன்னல்மேல் ஒரு தார்ப்பாயைத் தொங்கவிட, அறை இருட்டாகிவிட்டது. வேலை முடியும்வரை யாரும் வெளியே வரக் கூடாது என்று மேல் படியையும் மறித்துவிட்டார்கள்.

"முடிஞ்சுது" என்றாள் அம்மா. மெஷினுக்கு உறையைப் போட்டாள்.

எலி தடவித் தடவிப் பாதிக் கட்டத்துக்குப் போய் உட்கார்ந்தாள். கதவைத் தட்டினாள். பொத். வெளியே உறுமல் நிற்கவே இல்லை. மேலே சிமென்டா ஊற்றுகிறார்கள், கல்லா கொட்டுகிறார்கள்? எதுவும் புரியவில்லை. கதவில் சாய்ந்தபடியே கண் சொக்கியது. கனவில் எல்லோரும் திரும்பி வந்தார்கள். சிமென்ட் தலைவர்கள் தங்கள் தெருவைப் பாயைப்போலச் சுருட்டிக்கொண்டு போனார்கள். துரைகள் கறுப்புத் தாரை மடித்துக்கொண்டு கப்பலேறினார்கள். தளபதியின் குதிரைகள் ஆளுக்கொரு சரளைக் கல்லை வாயில் கவ்விப் போயின. ராணி செங்கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பல்லக்கில் அடுக்கினாள். கடைசியில் சின்னப் பாதங்கள் மட்டும் மிச்சமிருந்தன. அவை எலியின் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

டொக், டொக்.

எலி கண்ணைத் திறந்தாள். கதவைத் தட்டினாள். டொக் என்றது. பொத் இல்லை, டொக். அவள் தட்டி முடித்ததும் அந்தப் பக்கத்திலிருந்து யாரோ திரும்பத் தட்டினார்கள்.

"பாப்பா, கதவைத் திற" என்றது இன்ஜினீயரின் குரல். "மூக்கு இடிச்சது இன்னும் வலிக்குது. பாதி ஆட்டத்துல விட்டுட்டுப் போற ஆள் நான் இல்ல. யாரும் நடக்காத தெருன்னு நீ சொன்னதை அப்படியே போய்ச் சொன்னேன். சரின்னுட்டாங்க."

யாரோ தார்ப்பாயை இழுத்தார்கள். வெளிச்சம் சாண் அளவில் வரவில்லை. ஜன்னல் முழுக்க, மேலிருந்து கீழ்வரை, அடைமழைபோலக் கொட்டியது. அம்மா கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு மெஷினின் உறையை எடுத்தாள். உறையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அம்மாவும் எலியும் தம்பியும் சேர்ந்து மரச் சட்டத்தை இழுத்தார்கள். கதவு முனகிக்கொண்டே திறந்தது.

வெளியே தெரு இருந்தது. பெரிய பெரிய கல் பலகைகள், கழுவிவிட்டதில் ஈரமாக மின்னின. ஓரத்தில் சிமென்ட், தார், சரளை, செங்கல் எல்லாம் குவியல் குவியலாகக் கிடந்தன. ரொட்டிக்கடைக்காரர் தன் கடை வாசலில், ஆள் உயரத்துக்கு மேலே நின்று கீழே எட்டிப் பார்த்தார்.

"நான் இனிமே ரொட்டியைக் கயித்துலதான் இறக்கணும்" என்று புலம்பினார்.

"நாளைக்கே படி கட்டித் தர்றேன்" என்றாள் இன்ஜினீயர்.

எலிக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது வேறு. நான்காவது கட்டத்தின் மீதிப் பாதி வாசலுக்கு வெளியே இருந்தது. அதற்கு அப்பால் ஐந்தாவது. ஆறாவது. கட்டங்கள் தெருவைக் குறுக்கே கடந்து போய்க்கொண்டே இருந்தன.

எலி இடது காலை மடக்கினாள். உள்ளேயிருந்து தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மூக்கு எதிலும் இடிக்கவில்லை. ஐந்து, ஆறு, ஏழு. காற்று சடையைத் தூக்கியது. தெருவின் பாதியைத் தாண்டி, அந்தப் பக்கத்து ஓரத்துக்கே வந்துவிட்டாள். அங்கே ஒரு கட்டம் பாதியாக நின்றது. மீதிப் பாதி எதிர்வீட்டுக் கதவுக்கு அடியில் நுழைந்திருந்தது.

அது பழைய கதவு. எலி வீட்டுக் கதவு மாதிரியே இரட்டைக் கதவு. ஒற்றைக் காலில் நின்றபடியே அவள் அதைத் தட்டினாள்.

உள்ளே எதையோ இழுக்கிற சத்தம். கதவு திறந்தது. உடைந்த நாற்காலிகள் அடுக்கிய ஒரு இருட்டறை. அதன் வாசலிலேயே எதிர்வீட்டுப் பையன் நின்றுகொண்டிருந்தான், ஒற்றைக் காலில். கையில் ஒரு சில்லு.

எலி குனிந்து அவன் ஷூவைப் பார்த்தாள். பிறகு தன் செருப்பைப் பார்த்தாள்.

"எங்க வீட்டுல இது பாதியிலேருந்து தொடங்குது" என்றான் அவன் மெதுவாக. "அந்தப் பாதிக்கு முன்னால என்ன இருக்குன்னு தினமும் யோசிப்பேன். ஒண்ணாம் நம்பர் எங்க இருக்குன்னு."

"எங்க வீட்டுல."

"கீழயே இருந்துக்கிட்டு நீ மட்டும் எப்பவும் ஜன்னல்ல வேடிக்கை பார்ப்ப. எங்க கீழ் அறையில ஜன்னலே கிடையாது. அந்தப் பொறாமையிலதான் எலின்னுட்டேன்."

"இப்ப நீயும் வளையிலேருந்துதானே வர்ற? அப்போ நீயும் எலிதான்" என்றாள் எலி. கால் வலித்தது. ஆனாலும் இறக்கவில்லை. "நகரு. நான் இன்னும் முடிக்கல."

அவன் நகர்ந்தான். அவள் உள்ளே தாண்டினாள். மீதிப் பாதி, அப்புறம் ஒன்று, இன்னொன்று, கடைசியாக ஒரு பெரிய வட்டம். வட்டத்துக்குள் இரண்டு காலையும் ஊன்றி நின்றாள். கல் அந்த இடத்தில் கொஞ்சம் பள்ளமாக இருந்தது. எத்தனையோ பிள்ளைகள் வந்து நின்று நின்று ஆன பள்ளம். எலியின் பாதங்கள் அதில் சரியாகப் பொருந்தின.

புதுத் தலைவர் பதவி ஏற்ற அன்று தெருவின் இரண்டு பக்கமும் கூட்டம். அம்மா ஜன்னலை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, மெஷின்முன் உட்கார்ந்தபடியே பார்த்தாள். எலியும் எதிர்வீட்டுப் பையனும் வாசலில் நின்றார்கள். கோட்டைப் பக்கமிருந்து வாத்தியம் நெருங்கி வந்தது. எலி பழக்க தோஷத்தில் முதலில் கால்களைத்தான் பார்த்தாள். பளபளக்கிற கறுப்பு ஷூ.

அந்த ஷூ கட்டங்களுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டது. வாத்தியமும் நின்றது. பின்னால் வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டார்கள்.

தலைவர் கட்டங்களைப் பார்த்தார். இந்த வாசலிலிருந்து அந்த வாசல் வரை அவர் கண் மெதுவாகப் போய்த் திரும்பி வந்தது. பிறகு எலியின் பக்கம் குனிந்து, வேறு யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"பாப்பா, உன்கிட்ட சில்லு இருக்கா?"